செர்ரித் தோட்டமும் முட்டைக்கோசுப் பாத்தியும்

அந்தோன் செகாவின் இறுதி நாடகமாகிய ‘செர்ரிப் பழத்தோட்டம்’ 1904-ஆம் ஆண்டு மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. ருஷ்ய இலக்கியத்தைத் தமிழ்வழி அறிந்தோர்க்கும் அதன் இறுதிக் காட்சி நன்கு தெரியும். வீடு பூட்டப்படுகிறது, மறந்துவிடப்பட்ட முதிய பணியாளன் ஒருவன் உள்ளே கிடக்கிறான், தோட்டத்திலிருந்து மரத்தின்மேல் கோடரி விழும் ஓசை வருகிறது. அழகு ஒன்று அழிந்ததே என்னும் இரக்கத்தோடு நாம் நூலை மூடுகிறோம். அம்மரங்கள் எதற்காக வெட்டப்பட்டன என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

விடை நாடகத்திலேயே இருக்கிறது. பண்ணையடிமைக் குடும்பத்திற் பிறந்து வணிகனாக உயர்ந்த லோபாகின், கடனில் மூழ்கும் பிரபுக் குடும்பத்துக்கு ஒரு வழி சொல்கிறான். தோட்டத்தைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து, நகரத்தார் கோடையில் வந்து தங்குவதற்குக் குத்தகைக்கு விடலாம். ஒரு தெசியாத்தினாவுக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 ஏக்கருக்கு, ஆண்டுக்கு 25 ரூபிள் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அதனோடு அவன் நிற்கவில்லை. இன்று மாடத்தில் அமர்ந்து தேநீர் பருகும் அந்நகரத்தான் நாளை தன் துண்டு நிலத்தில் பயிரிடத் தொடங்கக்கூடும் என்றும், அன்று இந்நிலம் செழிப்புறும் என்றும் சொல்கிறான். பிரபுக் குடும்பத்தார் இதனைப் பண்பற்ற பேச்சென்று ஒதுக்குகின்றனர். படிப்போரும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே சாய்ந்துவிடுகின்றனர். ஆயினும் அதன்பின் வந்த நூறாண்டுக் கால ருஷ்ய வரலாற்றில் மெய்யானது லோபாகினின் சொல்லே என்பது என் கருத்து. அவ்வரலாற்றை ஒரே நகரத்தின் மண்ணில் வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பீட்டர்ஸ்பர்க் என்று பிறந்து, 1914-இல் பெத்ரொகிராட் ஆகி, 1924-இல் லெனின்கிராட் ஆகி, 1991-இல் பழம்பெயருக்கே மீண்ட நகரம் அது.

அறுபதாம் பாகையில் மண்

நெவா நதி கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்தில் 1703-ஆம் ஆண்டு மாமன்னர் பீட்டர் இந்நகரை நிறுவினார். நிலநடுக்கோட்டிலிருந்து அறுபதாம் பாகையில் அமைந்த நகர் இது. நம் சென்னை பதின்மூன்றாம் பாகையில் இருக்கிறது. டிசம்பரில் பகற்பொழுது ஆறு மணி நேரத்திற்கும் குறைவு. ஜூனில் ஏறத்தாழப் பத்தொன்பது மணி நேரம் பகல். எஞ்சிய இரவும் முழுதாக இருள்வதில்லை. ருஷ்யக் கவிஞர் பலர் பாடிய ‘வெண்ணிரவு’ இதுவே. கவிஞர்க்கு அது காதற்பொழுது. முள்ளங்கி விதைத்தவர்க்கோ அது தொல்லை. பகல் நீண்டால் முள்ளங்கி கிழங்கு பருக்காமல் பூத்துவிடும்.

ஏப்ரல் வரை பனி நிலத்தில் கிடக்கும். மே இறுதியிலும் உறைபனி வரலாம். செப்டம்பரில் அது திரும்பி வந்துவிடும். ஆக, பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு திங்கள். மண்ணோ சாம்பல் நிறத்து அமில மண், நீர் வடியாதது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் இட்டு அதனைப் பதப்படுத்த வேண்டும். செர்யோமுகா என்னும் மரம் வெண்பூங்கொத்து விடும் மே மாதத்தில், போன குளிர் ஒரு முறை திரும்பி எட்டிப்பார்க்கும் என்பது அந்நாட்டு மக்களின் நெடுநாள் அனுபவம். ‘செர்யோமுகாக் குளிர்’ என்றே அதற்குப் பெயர். அது கடந்த பின்னரே மென்மையான நாற்றுகளை வெளியில் நடுவர். பூவைப் பார்த்துப் பருவம் அறியும் வழக்கம் முல்லைத் திணை படித்த நமக்குப் புதிதன்று.

இக்குறுகிய கோடையை மனிதர் தம் அறிவால் இரு முனையிலும் நீட்டினர். பிப்ரவரி, மார்ச்சில் வெளியே பனி மூடியிருக்க, வீட்டுச் சன்னலோரத்துச் சிறு பெட்டிகளில் விதை ஊன்றி நாற்று வளர்ப்பது ஒரு முறை. சூட்டுப் பாத்தி மற்றொன்று. குழி வெட்டிப் புதிய குதிரை இலத்தியை வைக்கோலோடு கலந்து நிரப்பி, அதன்மேல் ஒரு சாண் மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடிவிடுவர். இலத்தி மக்கும்போது எழும் வெப்பம் மண்ணைச் சூடேற்றும். சுற்றிலும் பனி கிடக்க, கண்ணாடிக்குக் கீழே வெள்ளரி முளைக்கும். ரஸ்தோவ் வட்டாரத்துக் குடியானவர் இதில் தேர்ந்தோர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அவர்கள் தலைநகருக்கு வந்து, புறநகரில் நிலம் குத்தகைக்கு எடுத்து, காய்கறி விளைவித்து விற்றனர். அரண்மனைகளைக் கட்டிய இத்தாலியக் கலைஞரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. அரண்மனைக்குக் கீரை கொடுத்த இக்குடியானவர் பெயர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

செகாவே கைதேர்ந்த தோட்டக்காரர் என்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். 1892 முதல் 1899 வரை மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோவில் அவர் வாழ்ந்தபோது, காய்கறித் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு ‘பிரான்சின் தெற்கு’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். தக்காளியும் கத்தரியும் அங்கு விளைந்தன. கத்தரி நம் நாட்டுப் பக்கத்துச் செடி. வெயிலில் பிறந்த அதனைப் பனிநாட்டில் காய்க்க வைத்த மகிழ்ச்சியே அப்பெயரில் ஒலிக்கிறது. செர்ரிப் பழத்தோட்டத்தை எழுதிய கை, மண் அளைந்த கை.

ஆணையால் வந்த கிழங்கு

எளியோரின் உணவு நெடுங்காலம் டர்னிப்பும் முட்டைக்கோசுமாகவே இருந்தது. தாத்தா பிடுங்க முடியாத டர்னிப்பைப் பாட்டியும் பேத்தியும் நாயும் பூனையும் எலியும் வரிசையாய் நின்று இழுக்கும் ருஷ்ய நாட்டுப்புறக் கதை நம்மில் சிலர்க்கு நினைவிருக்கலாம். அக்கதையில் உருளைக்கிழங்கு இல்லை. கதை பிறந்த காலத்தில் அந்நாட்டில் அது இல்லை. 1765-இல் இரண்டாம் காதரீன் காலத்தில்தான் உருளை பயிரிடுமாறு செனட் அவை அறிவுறுத்தியது. மக்கள் எளிதில் ஏற்கவில்லை. ‘பேயின் ஆப்பிள்’ என்றனர். அரசு நிலத்துக் குடியானவர் கட்டாயமாக அதனைப் பயிரிடவேண்டும் என்று ஆணை வந்தபோது 1834-இலும் பின்னர் 1840 முதல் 1844 வரையிலும் கலகங்களே மூண்டன; படை கொண்டு அவை அடக்கப்பட்டன.

இதனை அறியாமை என்று எழுதும் வரலாற்றாசிரியர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கிழங்கை வெறுத்தார் என்பதைவிட, ஆணையை வெறுத்தார் என்பதே பொருந்தும். இன்று கிழங்கை நடு என்பவன் நாளை நம்மைப் பண்ணையடிமையாக எழுதிக்கொள்வான் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. யாருடைய நிலம், யாருடைய கட்டளை என்னும் கேள்வி அன்று தொடங்கியதன்று. அன்றோடு முடிந்ததும் அன்று. ‘தாச்சா’ என்னும் ருஷ்யச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நகரத்தாரின் கோடைக் குடிலையும் அதனைச் சூழ்ந்த தோட்டத்தையும் இன்று அது குறிக்கிறது. அதன் வேர், ‘கொடு’ என்னும் வினை. அரசன் தன் அடியார்க்குக் கொடுத்த நிலம் என்பதே முற்காலப் பொருள். கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

முட்டைக்கோசு பற்றி ஓர் இடைக்குறிப்பு. விழா மலராதலின் பொருந்தும். இலையுதிர்காலத்தில் முட்டைக்கோசை அரிந்து, உப்பிட்டு, மரப்பீப்பாயில் புளிக்கவைத்துக் குளிர்காலம் முழுவதும் உண்பர். அண்டை வீட்டுப் பெண்கள் கூடிப் பாடிக்கொண்டே அரிவது வழக்கம். நாடகக் கலைஞர்கள் தவநோன்புக் காலத்தில், அரங்கு மூடியிருக்கும் நாள்களில், தமக்குள் கூடி முட்டைக்கோசு அடைத்த பணியாரம் உண்டு ஒருவரையொருவர் நகையாடி நடிக்கும் நிகழ்ச்சிக்கு ‘கபூஸ்த்னிக்’ என்று பெயர் வந்ததும் அக்காயினால்தான். செகாவின் நாடகத்தை அரங்கேற்றிய அதே மாஸ்கோ கலை அரங்கம் 1910-இல் அதனைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. இலக்கிய வட்டங்களின் ஆண்டுவிழாக்களுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைப்பது அரிது.

விதைக் களஞ்சியம்

1917-இன் புரட்சியும் அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரும் இந்நகரைப் பசியில் தள்ளின. 23 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1920-இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாகச் சுருங்கிற்று. முற்றங்களிலும் வெற்றிடங்களிலும் மக்கள் உருளை நட்டனர். அப்பசியின் நினைவு ஆறாத நகருக்கு 1921-இல் நிக்கலாய் வவிலோவ் வந்து சேர்ந்தார். 1887-இல் பிறந்த இத்தாவர அறிஞர், பயிர்கள் எங்கெங்கே தோன்றின என்பதைத் தேடி ஐந்து கண்டங்களில் அலைந்தவர். நெல்லுக்கும் கத்தரிக்கும் இந்திய நிலப்பகுதியைத் தாயகங்களுள் ஒன்றாக அவர் கணித்தார். அவரும் அவர்தம் குழுவினரும் திரட்டிய விதை மாதிரிகள், நகரின் நடுவே புனித ஐசக் சதுக்கத்தில் இருந்த ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தன. போர் தொடங்கும் முன் அவை இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன.

இத்திரட்டு வெறும் அருங்காட்சிப் பொருளன்று. உருளைக்கிழங்கையே காண்போம். புகசோவ், யூசெப்சூக் என்னும் இருவரை வவிலோவ் தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆண்டிஸ் மலையில் நூற்றுக்கணக்கான உருளை வகைகளை அவர்கள் கண்டனர். ஆனால் நிலநடுக்கோட்டை அடுத்த அம்மலைக் கிழங்குகள் பல, பகல் குறுகினாலன்றிக் கிழங்கு வைப்பதில்லை. லெனின்கிராடின் நீண்ட பகலில் இலை மட்டுமே தழைக்கும். தெற்கே சிலி நாட்டுக் கடலோரத்து வகைகளோ நீண்ட பகலிலும் கிழங்கு வைத்தன. எந்த மண்ணின் கிழங்கு எந்த வெளிச்சத்துக்கு உடன்படும் என்னும் இவ்வறிவே வடபுலத்து வீட்டுத் தோட்டத்தின் ஆதாரம்.

வவிலோவின் அறிவியலுக்கு எதிராக லைசென்கோ என்பவர் ஸ்டாலினின் ஆதரவோடு எழுந்தார். 1940 ஆகஸ்டில் வவிலோவ் கைது செய்யப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் அது இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. தலைவர் சிறையில் இருக்க, அவருடைய பெயரைச் சொல்வதே குற்றமாக இருக்க, விதைகளை நிறுவனத்தார் காத்து வந்தனர். அந்நிலையில் போர் வந்தது.

முற்றுகை

1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மானியப் படை நகரைத் தரைவழியே முற்றும் சூழ்ந்துகொண்டது. அன்றே குண்டுவீச்சில் பதாயெவ் உணவுக் கிடங்குகள் எரிந்தன. உருகிய சர்க்கரை மண்ணில் ஊறிற்று. பின்னர் மக்கள் அம்மண்ணை வெட்டி எடுத்து, நீரில் கரைத்து, வடிகட்டிக் குடித்தனர். அந்த ‘இனிப்பு மண்’ சந்தையில் விலைக்கும் விற்றது. மண்ணில் விளைவதை உண்பதற்கு முன் அந்நகரத்தார் மண்ணையே உண்ண நேர்ந்தது.

நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அலுவலருக்கும் வேலையற்றோருக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டியே பங்கீடு. தொழிலாளிக்கு 250 கிராம். அதிலும் மாவல்லாதன பல கலந்திருந்தன. அறுவடையான முட்டைக்கோசு வயல்களில் எஞ்சிய வெளியிலைகளையும் தண்டுகளையும் போர்முனைக்கு அருகே சென்று பனியில் தோண்டி எடுத்தனர். மாட்டுக்கு இடும் கரும்பச்சை இலை அது, ‘ஹ்ரியாப்பா’ என்பர். 1944 ஜனவரி 27 அன்று முற்றுகை முழுதும் நீங்கும் வரை மாண்டோர் தொகையைப் போருக்குப் பின் அரசு ஆறரை இலட்சத்துக்குள் சொல்லிற்று. பிற்கால ஆய்வாளர் எட்டு முதல் பத்து இலட்சம் என்பர். பெரும்பாலோர் இறந்தது பசியால். அதிலும் அந்த முதற்குளிர்காலத்தில்.

ஐசக் சதுக்கத்துக் கட்டடத்தில் அரிசியும் கோதுமையும் ஓட்சும் நிலக்கடலையும் பொட்டலம் பொட்டலமாக அடுக்கப்பட்டிருந்தன. காவல் இருந்தோர் பசியால் வாடினர். எலிகளை விரட்டினர். உருளைக் கிழங்குகள் உறைந்துவிடாதபடி நிலவறையில் கிடைத்ததையெல்லாம் எரித்துச் சூடு காத்தனர். அவ்வுருளைகள் முற்றுகைக்குச் சற்று முன் நகருக்குத் தெற்கே பாவ்லோவ்ஸ்க் ஆய்வுப் பண்ணையிலிருந்து குண்டுகளுக்கு நடுவே தோண்டி எடுத்துக் கொண்டுவரப்பட்டவை. காமெராஸ், வஸ்க்ரெசென்ஸ்கயா ஆகியோர் அப்பணியைச் செய்தனர். நெல் ஆய்வாளர் திமீத்ரி இவானொவ் பசியால் இறந்தபோது ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகள் அவர் பொறுப்பில் குறையாமல் இருந்தன. நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர் நீத்தார். ஓட்ஸ் ஆய்வாளர் லிதியா ரோதினாவும் மறைந்தார். இன்னும் பலர். உருளைகளைக் காத்தோருள் ஒருவராகிய வதீம் லெஹ்னோவிச் முதுமையில் இதுபற்றிப் பேசினார். எழுவதும் நடப்பதும் கைகால் அசைப்பதும் கடினமாயிருந்தன; ஆனால் திரட்டை உண்ணாமலிருப்பது சற்றும் கடினமாயில்லை என்றார் அவர். தம் வாழ்வின் பணியை, தம் தோழர்தம் வாழ்வின் பணியை உண்பது இயலாத ஒன்று என்பது அவர் கருத்து.

இதனைத் தியாகம் என்று நாம் எளிதில் புகழ்ந்துவிடுகிறோம். தெருவில் குழந்தைகள் பசியால் மடியும்போது நெல்லைப் பூட்டி வைக்கலாமா என்று என் மாணவியர் ஒரு முறை கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். அத்தனை மாதிரிகளையும் அள்ளிக் கொடுத்திருந்தாலும் இருபத்தைந்து இலட்சம் பேர் இருந்த நகருக்கு அது ஒரு நாள் உணவாகவும் ஆகியிராது என்று கணக்குச் சொல்லலாம். ஆயினும் தம் பிள்ளைக்கு ஒரு பிடி என்று எவரேனும் எடுத்திருந்தால் நாம் குறை சொல்லியிருப்போமா? அவர்கள் எடுக்கவில்லை என்பதே வரலாறு. வவிலோவ் 1943 ஜனவரி 26 அன்று சராத்தவ் சிறையில் ஊட்டமின்றி இறந்தார். அதே ஆண்டில், உண்ணும் கிழங்கின் முளைக்கண் உள்ள தலைப்பகுதியை மட்டும் வெட்டி நடும் முறைக்காக லைசென்கோவுக்கு ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது.

கத்தீட்ரலின் முன் முட்டைக்கோசு

1942 மார்ச் 19 அன்று நகர ஆட்சிக்குழு, தொழிலாளர் தம் சொந்தத் தோட்டங்களுக்கு நிலம் ஒதுக்கத் தீர்மானித்தது. மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, எழுந்து நிற்கக் கூடியோர் எல்லாம் தெருவுக்கு வந்து, குளிர்காலம் முழுதும் குவிந்த பனியையும் குப்பையையும் அகற்றினர். மூன்று இலட்சம் பேர் அப்பணியில் இருந்தனர். ஏப்ரல் 15 அன்று டிராம் ஓடத் தொடங்கிற்று. அதன்பின் மண்வெட்டிகள் வந்தன.

பூங்காக்கள், முற்றங்கள், ஆற்றங்கரைகள், விளையாட்டுத் திடல்கள் எல்லாம் பாத்திகளாயின. அணிவகுப்புகள் நடந்த மார்ஸ் திடலில் காய்கறி. பீட்டர் 1704-இல் அமைக்கத் தொடங்கிய கோடைப் பூங்காவில் காய்கறி. குண்டுக்கு அஞ்சிப் பளிங்குச் சிலைகளை அப்பூங்கா மண்ணிலேயே புதைத்திருந்தனர். புனித ஐசக் கத்தீட்ரலின் பொற்கவிகைக்குக் கீழே வரிசை வரிசையாக முட்டைக்கோசு நிற்கும் 1942-ஆம் ஆண்டுப் புகைப்படம் உலகறிந்தது. அதே சதுக்கத்தின் ஓரத்தில்தான் விதைக் களஞ்சியமும் இருந்தது. உழைத்தோர் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் போர்முனையில் இருந்தனர். மண்வெட்டி பிடித்தறியாத நகரத்துப் பெண்களுக்காகச் சிறு கையேடுகள் அச்சாயின: எத்தனை விரற்கடை ஆழத்தில் ஊன்றுவது, எப்போது மண் அணைப்பது, சாம்பல் எவ்வளவு இடுவது என்பன போன்றவை. விளைந்ததைத் திருடுவோரும் இருந்தனர். காவலும் போட வேண்டியிருந்தது. பசியை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை.

விதைத்தது விளையும் வரை என்ன செய்வது? நகரின் தாவரவியல் நிறுவனத்தார், லெனின்கிராட் வட்டாரத்தில் தானே முளைக்கும் உண்ணத்தக்க செடிகளைப் பற்றி 1942-இல் ஒரு நூல் வெளியிட்டனர். தொட்டால் அரிக்கும் நம் செந்தட்டியை ஒத்த நெட்டில், மஞ்சட்பூ டான்டெலியன், நம் சக்கரவர்த்திக் கீரைக்கு உறவாகிய லெபெதா ஆகியன பொது உணவகங்களில் கஞ்சியாகவும் அடையாகவும் மாறின. இங்கே ஒரு செய்தி கவிஞர்க்கு உரியது. அன்னா அக்மதோவா 1940-இல் எழுதிய ஒரு கவிதையில், கவிதை பிறக்கும் விதத்துக்கு உவமையாக வேலியோரத்துக் களைகளைக் கொண்டுவந்தார். டான்டெலியனும் லெபெதாவும் அவற்றுள் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் அவை அவருடைய நகரத்தாரின் பானையில் வெந்தன. அக்மதோவா அப்போது அங்கில்லை. 1941 செப்டம்பர் இறுதியில் அவர் விமானத்தில் வெளியேற்றப்பட்டிருந்தார்.

அங்கேயே இருந்தவர் கவிஞர் வேரா இன்பெர். அவர் கணவர் மருத்துவக் கல்லூரி ஒன்றின் தலைவர். அக்கல்லூரி தாவரவியல் பூங்காவுக்கு அண்மையில் இருந்தது. 1714-இல் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கிய பூங்கா அது. குண்டுவீச்சில் கண்ணாடி மனைகள் நொறுங்க, அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வெப்பநாட்டுப் பனையினங்கள் அக்குளிரில் கருகின. பணியாளர் ஒருவர் கள்ளிச்செடிகளைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று காப்பாற்றினார். பேரரசர் காலத்துக் கண்ணாடிச் சோலை அழிந்தது. வேலியோரத்துக் களை பிழைத்தது, பிழைக்கவும் வைத்தது.

நகருக்கு முதன்மையான உணவு லடோகா ஏரி வழியே வந்ததேயன்றித் தோட்டங்களிலிருந்து வரவில்லை என்பதை மறைத்தல் தகாது. ஆனால் ரொட்டி மட்டும் வந்தால் போதாது. ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயைத் தீர்க்கப் பச்சைக்காய் வேண்டும். முற்குளிர்காலத்தில் பைன் மரத்து ஊசியிலைகளை ஊறவைத்துக் குடித்தனர். 1942 இலையுதிர்காலத்தில் சொந்தப் பாத்தியின் முட்டைக்கோசு இருந்தது. மரணத்தாலும் வெளியேற்றத்தாலும் அதற்குள் நகரில் எஞ்சியோர் ஏழு இலட்சத்திற்கும் குறைவு. உயிரோடிருந்தோர்க்குப் பீப்பாயில் உப்பிட ஏதோ இருந்தது. நாடெங்கும் இவ்வழக்கம் பரவிற்று. 1944-இல் சோவியத் நாட்டில் இவ்வாறு தோட்டமிட்ட நகரத்தார் ஒன்றரைக் கோடிக்கு மேல்.

பதினைந்து சென்ட்

1949 பிப்ரவரியில் ஓர் அரசாணை, தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் தோட்ட நிலம் ஒதுக்க வழி செய்தது. நகரத்தில் ஒருவருக்கு 600 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறத்தாழப் பதினைந்து சென்ட். நல்ல நிலத்தை யாரும் கொடுக்கவில்லை. சதுப்பு, தோண்டி எறிந்த கரிமண் குழி, காடு எரிந்த வெளி ஆகியவையே பெரும்பாலும் கிடைத்தன. லாரியில் மண்ணும் உரமும் வாங்கிப் போட்டுப் போட்டு நிலமாக்கினர். அதன்மேல் கட்டுப்பாடுகள் வேறு: குடில் இத்தனை அளவுக்கு மேல் கூடாது, மாடி கூடாது, குளிர்காலத்தில் தங்கிவிடாதபடி அடுப்பு கூடாது. சொத்து என்னும் எண்ணம் முளைத்துவிடுமோ என்று அரசுக்கு அச்சம். 1980-களில்தான் இவை தளர்ந்தன. லோபாகின் எதிர்பார்த்த துண்டு நிலம் இதுவே. அவன் எதிர்பாராத கைகளிலிருந்து வந்தது.

மே முதல் வாரத்து விடுமுறைகளில் பீட்டர்ஸ்பர்க்கின் புறநகர் மின்தொடர் வண்டிகளில் நாற்றுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் செல்வது சோவியத் காலத்தில் வேரூன்றிய காட்சி. சதகுப்பை, பீட்ரூட், கேரட், வெங்காயம், ஓரத்தில் ஸ்டிராபெரி, ஒரு வரிசை பூ. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, விலைகள் பன்மடங்காகி, ஊதியம் மாதக்கணக்கில் வராமற்போன ஆண்டுகளில் இப்பாத்திகள் மீண்டும் சோறாயின. 1990-களின் இறுதியில் ருஷ்யாவில் விளைந்த உருளையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், நகரத்தாரும் சிற்றூராருமாகிய குடும்பங்கள் தம் சிறுநிலத்தில் விளைவித்தது. பேயின் ஆப்பிள் என்று தூற்றியோரின் வழித்தோன்றல்கள் ஆணை எதுவுமின்றி அதனை நட்டனர்.

நம் குறிஞ்சித் தலைவி கிளி ஓட்டிக் காத்தது மலர்ச்சோலையை அன்று, தினைப்புனத்தை. உண்ணும் பயிர் நின்ற இடத்திலேயே காதலை வைத்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம், செர்ரிப் பூவுக்கு இரங்கிப் பாத்தியைப் புறக்கணிப்பது பொருந்துமா என்று நம் வட்டத்துக் கவிஞரைக் கேட்கத் தோன்றுகிறது. செகாவின் லோபாகினும் கணக்கு மட்டும் பார்த்தவனல்லன். ஆயிரம் தெசியாத்தினா கசகசா விதைத்து நாற்பதாயிரம் ரூபிள் ஈட்டியதைச் சொல்லும்போதே, அது பூத்த நாளின் அழகையும் வியந்து சொல்கிறான்.

இனி பாவ்லோவ்ஸ்க். 1926-இல் தொடங்கிய அப்பண்ணையைப் போரின்போது ஜெர்மானியர் கைப்பற்றினர். போருக்குப் பின் அது மீண்டும் உயிர் பெற்றது. ஸ்டிராபெரி, கருந்திராட்சை போன்ற சிறுகனிகளும் ஆப்பிள், செர்ரி முதலிய பழமரங்களுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே வளர்ந்தன. நெல்லைப் போல இவற்றைப் பொட்டலத்தில் வைத்துக் காக்க இயலாது. விதையிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிராது. செடி மண்ணில் நின்றால்தான் வகை நிற்கும். அம்மண்ணை வீட்டுமனைகளாக்க வேண்டும் என்று 2010-இல் அரசின் வீட்டுவசதி நிதியம் உரிமை கோரிற்று. ஆகஸ்டில் நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. இம்முறை கோடரி ஓசை கேட்பதற்கு முன்னரே உலகெங்குமிருந்து அறிவியலாளர் முறையீடுகள் குவிந்தன. அதிபர் மெத்வெதெவ் விசாரணைக்கு ஆணையிட்டார். 2012-இல் நிலம் நிதியத்தின் கையிலிருந்து விலக்கப்பட்டது. செடிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஸ்டிராபெரி மண்ணோடு படர்ந்து, ஓடுகொடியின் கணுவில் வேர்விட்டுப் பெருகுவது. மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்ச்செடி கிழமாகிவிடும்; அதற்குள் கணுக்கன்றைப் பிரித்துப் புதுப் பாத்தியில் ஊன்ற வேண்டும். அந்த வேலை ஆண்டுதோறும் கோடை இறுதியில், முதல் உறைபனி விழுமுன், கையால் செய்யப்படுவது.